வயதான பெற்றோரின் மரண சாசனத்தில் நிறைவேற்றுநரை மாற்றுதல்: மலையகக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு நொத்தாரிசின் முன் எழுதி வைத்த மரண சாசனத்தை இன்று எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது சொத்துப் பங்கீட்டில் அல்ல, நிறைவேற்றுநராகக் குறிக்கப்பட்டிருப்பவரின் பெயரில்தான். அன்று அப்பாவின் நம்பிக்கைக்குரியவராக இருந்த சித்தப்பா காலமாகியிருப்பார், அல்லது தோட்டத்துப் பெரிய கிளார்க் ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்விட்டிருப்பார், அல்லது மூத்த மகன் கனடாவில் குடியேறியிருப்பார். சாசனத்தின் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் சரியாக இருக்கையில் இந்த ஒரு பெயரை மட்டும் மாற்ற முடியுமா, எப்படி மாற்றுவது, யார் மாற்றுவது என்ற கேள்விகளுக்கான விடைகளே இவ்வழிகாட்டி.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாசனத்தை மாற்றும் உரிமை அதை எழுதிய தாய்க்கோ தந்தைக்கோ மட்டுமே உண்டு. பிள்ளைகள் வாகனம் ஒழுங்கு செய்யலாம், பத்திரங்களைத் தேடிக் கொடுக்கலாம், நொத்தாரிசின் கட்டணத்தைக் கூடச் செலுத்தலாம். தீர்மானம் பெற்றோருடையதாக இருக்க வேண்டும் என்பதோடு, அது அவர்களுடையதுதான் என்று பின்னொரு நாளில் நீதிமன்றத்தில் காட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கீழே சொல்லப்படும் படிகளில் பல இந்த இரண்டாவது தேவைக்காகவே உள்ளன.

நிறைவேற்றுநர் என்ன செய்பவர்

நிறைவேற்றுநர் சொத்தின் உரிமையாளர் அல்லர். அப்பதவியால் அவருக்குப் பங்கு எதுவும் வருவதுமில்லை. சாசனம் எழுதியவர் இறந்த பின்னர் அதை மாவட்ட நீதிமன்றத்தில் முன்வைத்து, அது உண்மையானது என்று நிரூபித்து, புரொபேட் எனப்படும் அதிகாரப் பத்திரத்தைப் பெற்று, சொத்துகளின் விவரப் பட்டியலைக் கோப்பிட்டு, கடன்களைத் தீர்த்து, வங்கிப் பணத்தைச் சேர்த்து, எஞ்சியதைச் சாசனத்தின்படி உரியவர்களிடம் கையளித்து, இறுதியில் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டுவது அவருடைய வேலை. வீடு, கடை, காணி இருந்தால் பங்காளிகளின் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுப்பவரும் அவரே. பெற்றோர் உயிரோடு இருக்கும் காலத்தில் அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

உயிரோடு இருக்கும்போது தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதித் தரும் அற்றோணித் தத்துவத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். "அம்மா எனக்கு பவர் எழுதித் தந்திருக்கிறார், ஆகையால் நான்தான் எல்லாவற்றையும் பார்ப்பேன்" என்று சொல்லும் மகன், அந்தத் தத்துவம் அம்மாவின் மரணத்தோடு முடிந்துவிடுகிறது என்பதை அறிந்திருப்பதில்லை. நிறைவேற்றுநரின் அதிகாரம் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. தத்துவம் பெற்றவரை மாற்றினால் நிறைவேற்றுநர் மாறமாட்டார். நிறைவேற்றுநரை மாற்றினால் தத்துவம் மாறாது.

நம் குடும்பங்களில் நிறைவேற்றுநராகப் பெயர் குறிக்கப்படுவதை ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மூத்தவர் இருக்கும்போது இளையவளை ஏன் போட்டார் என்ற மனத்தாங்கல் சொத்துச் சண்டையைவிட நீண்ட காலம் நீடிப்பதுண்டு. உண்மையில் இது அலைச்சலும் எழுத்து வேலையும் நிறைந்த பொறுப்பு. நீதிமன்றத் தவணைகளுக்குப் போக வேண்டும், வங்கிகளில் வரிசையில் நிற்க வேண்டும், ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வைத்திருக்க வேண்டும். இதைப் பெற்றோர் குடும்பத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதி மனத்தாங்கல் எழாமலே போகும்.

மாற்றம் உண்மையிலேயே தேவையா

நிறைவேற்றுநர் இறந்துவிட்டார் என்பதற்காகச் சாசனம் செல்லாமற் போவதில்லை. இதைத் தெரியாமல் பதறி, நோயுற்ற பெற்றோரை அவசர அவசரமாக நகரத்துக்கு அழைத்துச் சென்று அவர்களைத் துன்புறுத்துபவர்கள் இருக்கிறார்கள். இருவர் கூட்டாக நியமிக்கப்பட்டு ஒருவர் இறந்திருந்தால், சாசனம் வேறுவிதமாகக் கூறாத வரை மற்றவர் பணியைத் தொடரலாம். மாற்று நிறைவேற்றுநர் ஒருவரின் பெயரும் பழைய சாசனத்தில் இருந்து, அவர் ஆரோக்கியமாகவும் விருப்பத்தோடும் இருந்தால் எதையும் தொட வேண்டியதில்லை.

மாற்றியே தீர வேண்டிய சந்தர்ப்பங்கள் வேறு. ஒரே நிறைவேற்றுநர் இறந்திருத்தல், பெற்றோரின் வயதையே உடையவராகி நடமாட முடியாதிருத்தல், கூடலூரிலோ கோத்தகிரியிலோ டொரன்டோவிலோ நிலையாகத் தங்கிவிட்டிருத்தல் ஆகியவை வெளிப்படையானவை. அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாத காரணம் ஒன்றும் உண்டு. நிறைவேற்றுநர் பெற்றோரிடம் பெருந்தொகை கடன் வாங்கியிருந்தாலோ, பெற்றோரின் கடையை வாடகை கொடுக்காமல் நடத்தி வந்தாலோ, நாளை அவர் தன்னிடமிருந்து தானே கடனை அறவிட வேண்டிய நிலையில் இருப்பார். இத்தகையவர் எவ்வளவு நல்லவரானாலும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பழைய சாசனத்தைத் தேடி எடுத்தல்

மூலப் பிரதி கையில் இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம். அலுமாரியில் இருப்பது நிழற்பிரதி மட்டும் என்றால் மூலப் பிரதி எங்கே என்பதைப் பெற்றோரிடம் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். வங்கிப் பெட்டகம், எழுதிய நொத்தாரிசின் அலுவலகம், நிறைவேற்றுநராகக் குறிக்கப்பட்டவரின் வீடு ஆகியவையே வழக்கமான இடங்கள். காணி உறுதிகளைப் போலப் பழைய மரண சாசனங்களும் காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்கும் என்று நம்பி அங்கே போய்த் தேடுபவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். நொத்தாரிசு தன் ஆவணத் தொகுப்பில் ஒரு பிரதியை வைத்திருப்பார். அவர் இறந்திருந்தாலோ தொழிலை விட்டிருந்தாலோ அத்தொகுப்பு அந்தப் பகுதிக்குரிய காணிப் பதிவாளரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் பதிவகத்துக்குப் போவதில் பயனுண்டு. சாசனத்தின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது எளிது.

கிடைத்த சாசனத்தை முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும். நிறைவேற்றுநரை நியமிக்கும் பந்தியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. அதே நபர் வேறொரு பந்தியில் பேரப்பிள்ளையின் பணத்துக்கு நம்பிக்கைப் பொறுப்பாளராகவோ, பாதுகாவலராகவோ நியமிக்கப்பட்டிருக்கலாம். அவர் படும் சிரமத்துக்கென்று ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கலாம். ஒரு பந்தியை மாற்றி இன்னொன்றை விட்டுவிட்டால், நீக்கப்பட்டவரும் புதியவரும் ஒரே குடும்பத்தின் விவகாரங்களில் எதிரெதிரே நிற்க நேரிடும்.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எழுதிய கூட்டுச் சாசனமாக இருந்து, இருவரில் ஒருவர் ஏற்கெனவே காலமாகியிருந்தால், எஞ்சியவர் அதில் எவ்வளவு தூரம் மாற்றம் செய்யலாம் என்பது சிக்கலான சட்டக் கேள்வி. அச்சாசனத்தின் கீழ் அவர் பயன் பெற்றிருந்தால் கேள்வி இன்னும் கடினமாகிறது. இதைச் சட்டத்தரணியிடம் காட்டி அறிவுரை பெறாமல் ஒரு வரியையும் எழுதக் கூடாது.

திருமணத் திகதியையும் சரிபார்க்க வேண்டும். சாசனம் எழுதிய பின்னர் எழுதியவர் திருமணம் செய்தால் அது இரத்தாகிவிடும் என்பது இலங்கைச் சட்டத்தின் விதி. மனைவியை இழந்தபின் மறுமணம் செய்த தந்தையர் இதை நினைவில் கொள்ள வேண்டும். கோயிலில் தாலி கட்டிப் பல ஆண்டுகள் வாழ்ந்து, ஓய்வூதியத்துக்காகவோ வேறு தேவைக்காகவோ முதுமையில் திருமணத்தைப் பதிவு செய்தவர்கள் நம்மிடையே உள்ளார்கள். அத்தகைய பதிவு சாசனத்துக்குப் பிந்தியதாக இருந்தால் இரண்டு திகதிகளையும் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

யாரை நியமிப்பது

பெற்றோரைவிட வயதில் இளையவராக, நாட்டில் வசிப்பவராக, கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவராக, எல்லாப் பிள்ளைகளோடும் பேசும் நிலையில் உள்ளவராக இருத்தல் போதும். பிள்ளைகளில் ஒருவரை நியமிப்பதில் சட்டத் தடை இல்லை. சொத்தில் பங்கு பெறுபவரும் நிறைவேற்றுநராக இருக்கலாம். சொத்து இருக்கும் மாவட்டத்துக்கு அருகில் இருப்பவர் என்றால் நல்லது. நுவரெலியாவில் நடக்கும் வழக்குக்கு வவுனியாவிலிருந்து தவணைக்குத் தவணை வந்து போக எவரும் நீண்ட காலம் விரும்பமாட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவரை நியமிப்பது செல்லும் என்றாலும், ஒவ்வொரு சத்தியக்கடதாசியும் அங்குள்ள இலங்கைத் தூதரகம் வழியாக வர வேண்டியிருக்கும்.

இருவரைக் கூட்டாக நியமித்தால் ஒருவரை ஒருவர் கண்காணிப்பார்கள் என்று பெற்றோர் எண்ணுவதுண்டு. ஒத்துப்போகாத இரண்டு பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவதற்காக இருவரையும் போடுவதைவிட, ஒருவரை நியமித்து, அவரால் இயலாதுபோனால் செயற்பட மாற்றாக இன்னொருவரைக் குறிப்பதே நல்லது. இரண்டு கையெழுத்துகள் இல்லாமல் எந்தக் காசோலையும் நகராது என்ற நிலை சண்டையைத் தீர்க்காமல் வழக்கை இழுத்தடிக்கிறது.

குடும்பத்தில் ஒருவரும் பொருத்தமில்லை எனில், நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரை நியமிக்கலாம். 1922 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச பதவியான பொது நம்பிக்கைப் பொறுப்பாளரையும் நிறைவேற்றுநராகக் குறிக்க முடியும். பிள்ளைகளெல்லாம் கடல் கடந்து போய்விட்ட பெற்றோர் இதை ஆராய்ந்து பார்க்கலாம்.

யாராக இருந்தாலும் அவரிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் பெற வேண்டும். நியமிக்கப்பட்டவர் பெற்றோரின் மரணத்துக்குப் பின் மறுத்துவிடச் சட்டத்தில் இடமுண்டு.

பின்னிணைப்புச் சாசனமா, புதிய சாசனமா

பேனாவை எடுத்துப் பழைய பெயரை அடித்துவிட்டு, மேலே புதிய பெயரை எழுதிப் பக்கத்தில் கையெழுத்திடுவதால் எதுவும் மாறாது. அத்தகைய திருத்தத்துக்கும் சாசனத்துக்குரிய முறையிலேயே சாட்சியும் அத்தாட்சியும் வேண்டும். எனவே உண்மையில் இருப்பவை இரண்டு வழிகள்.

முதலாவது, கொடிசில் எனப்படும் பின்னிணைப்புச் சாசனம். பழைய சாசனத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு பகுதியை மட்டும் மாற்றும் தனி ஆவணம் இது. நிறைவேற்றுநரின் பெயரைத் தவிர வேறெதுவும் மாறாதபோது இதுவே போதும். அதன் மையப் பகுதி ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

"இன்ன திகதியில் இன்ன நொத்தாரிசினால் அத்தாட்சிப்படுத்தப்பட்ட இன்ன இலக்க மரண சாசனத்தின் மூன்றாம் பந்தியில் நிறைவேற்றுநராக என் சகோதரரை நியமித்திருந்ததை இத்தால் நீக்கி, அவருக்குப் பதிலாக என் மகளையும், அவர் எனக்கு முன் காலமானால் அல்லது செயற்பட இயலாதவராக இருந்தால் அல்லது மறுத்தால் என் இளைய மகனையும் என் மரண சாசனத்தின் நிறைவேற்றுநராக நியமிக்கின்றேன். மேற்படி மரண சாசனத்தின் ஏனைய ஏற்பாடுகள் அனைத்தையும் உறுதிப்படுத்துகின்றேன்."

ஒவ்வொருவரின் முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் முகவரியையும் நொத்தாரிசு உரிய இடங்களில் சேர்ப்பார். கடைசி வாக்கியத்தை விட்டுவிட அனுமதிக்காதீர்கள். பழையது தொடர்ந்து நிற்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவது வழி புதிய மரண சாசனம் எழுதுவது. பழையதில் ஏற்கெனவே ஒன்றிரண்டு பின்னிணைப்புகள் இருந்தாலும், குறிக்கப்பட்ட சொத்துகளில் சில விற்கப்பட்டிருந்தாலும், பங்கு பெற வேண்டியவர்களில் ஒருவர் இறந்திருந்தாலும் இதுவே சிறந்தது. புதிய சாசனங்களில் "இதற்கு முன்னர் எழுதிய அனைத்துச் சாசனங்களையும் இரத்துச் செய்கின்றேன்" என்ற வரி இடம்பெறும். அந்த வரியின் பலம் முழுமையானது என்பதால், பழைய சாசனத்தில் இருந்த ஒவ்வொரு கொடையும் புதியதிலும் எழுதப்பட்டிருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். நிறைவேற்றுநரை மாற்றப் போய், விதவை மகளுக்கு ஒதுக்கிய அறை விடுபட்டுப் போனால் அதைத் திருத்த அப்பா இருக்கமாட்டார்.

என்னைக் கேட்டால், பெற்றோரின் நினைவாற்றல் பற்றி எவராவது பின்னர் கேள்வி எழுப்பக்கூடும் என்ற அச்சம் சிறிதளவேனும் இருக்கும் குடும்பங்களுக்குப் பின்னிணைப்பே பாதுகாப்பானது. அது தோற்றாலும் பழைய சாசனம் நிற்கும். சொத்துப் பங்கீடு ஆட்டம் காணாது. புதிய சாசனத்தை எழுதினால் பங்கீடு முழுவதும் வழக்குக்குள் இழுக்கப்படுகிறது.

நொத்தாரிசின் முன்

மரண சாசனமும் அதன் பின்னிணைப்பும் செல்லுபடியாவதற்கான முறையை 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் வகுத்திருக்கிறது. எழுதுபவர் ஆவணத்தின் இறுதியில் கையெழுத்திட வேண்டும். இயலாதபோது அவருடைய முன்னிலையில் அவருடைய பணிப்பின் பேரில் இன்னொருவர் இடலாம். இது நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கையில் நடக்க வேண்டும். அவர்களும் கையெழுத்திட வேண்டும். நொத்தாரிசு இல்லாதபோது குறைந்தது ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் இருந்து கையெழுத்திட வேண்டும். அண்மைய ஆண்டுகளில் இத்துறைச் சட்டங்களில் திருத்தங்கள் வந்துள்ளதால், கைரேகை, பதிவு ஆகியவை குறித்து இன்று பின்பற்றப்படும் நடைமுறையை நாள் குறிக்கும்போதே நொத்தாரிசிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து சாட்சி முறை பெரிய மழையில் பாதை அடைபட்டுக் கிடக்கும் தோட்டத்துக்கோ வைத்தியசாலைக் கட்டிலுக்கோ உதவக்கூடியது. ஆனால் ஐந்து பேரையும் பின்னர் நீதிமன்றத்துக்காகத் தேட வேண்டியிருக்கும் என்பதால், வேறு வழி இருக்கும்போது அதை நாட வேண்டாம். தன் அதிகாரப் பிரதேசத்துக்குள் நொத்தாரிசு வீட்டுக்கே வரலாம். படுக்கையில் உள்ளவர்களுக்கு அதையே கேட்டுப் பாருங்கள்.

நொத்தாரிசைத் தெரிவு செய்யும்போது மொழியைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நொத்தாரிசும் குறித்த மொழியில் தொழில் செய்யவே அதிகாரம் பெற்றவர். தமிழ் மட்டும் தெரிந்த தாய் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட சாசனத்தில் கைரேகை வைப்பது நம்மிடையே புதிதல்ல. பல வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் கைவைப்பதும் அங்கேதான். தமிழில் எழுதும் அதிகாரம் உள்ள நொத்தாரிசைத் தேடிப் போவது அரை நாள் அலைச்சல் என்றாலும் தகும். முடியாதபோது, ஆவணம் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்பதும் யார் விளக்கினார் என்பதும் அத்தாட்சிப் பகுதியில் எழுதப்பட வேண்டும்.

பெயர்களில் வரும் முரண்பாடு மலையகத்தின் தனித் தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், தேசிய அடையாள அட்டையில் சிங்கள எழுத்துக்கூட்டலால் மாறிய இன்னொன்றும், தோட்டத்துப் பதிவேட்டில் அழைக்கும் பெயரும் இருக்கும். எழுதுபவருக்கும் புதிய நிறைவேற்றுநருக்கும் இந்த மாறுபாடு இருந்தால், எல்லாப் பெயர்களையும் "எனவும் அழைக்கப்படும்" என்று சாசனத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். இல்லையேல் இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசிகள் முடித்து, கிராம உத்தியோகத்தரின் கடிதம் வாங்கி அலைய நேரும்.

சாட்சிகளின் தெரிவு பலரும் அலட்சியம் செய்யும் இடம். சாசனத்தில் பங்கு பெறுபவரோ, அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக இருக்கக் கூடாது. புதிய நிறைவேற்றுநரும் ஒதுங்கி நிற்கட்டும். எழுதுபவரை நன்கறிந்தவர்களாகவும், அவரைவிட வயதில் இளையவர்களாகவும், கையெழுத்திடத் தெரிந்தவர்களாகவும், பத்து ஆண்டுகள் கழித்தும் கண்டுபிடிக்கக்கூடியவர்களாகவும் இருப்பது நல்லது. நொத்தாரிசுக்கு எழுதுபவரைத் தெரியாதபோது சாட்சிகளே அவரை அடையாளம் காட்ட வேண்டியிருப்பதால், அலுவலக வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத இருவரைப் பிடித்து வருவது பயன்படாது. பக்கத்து வீட்டு ஆசிரியரும் ஓய்வு பெற்ற தபால் ஊழியரும் தோட்டத் தலைவரைவிடச் சிறந்த சாட்சிகள் என்று நான் நினைக்கிறேன். தலைவருக்கு எப்போதும் ஒரு பக்கம் இருக்கும்.

இனி அந்த அறைக்குள் நடக்க வேண்டியதைப் பார்ப்போம். எண்பது வயது முதியவர் உட்கார்ந்திருக்கிறார். மகள் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் காதருகே குனிந்து பதில்களை எடுத்துக் கொடுக்கிறாள். நொத்தாரிசு, "மகளைத்தானே போடுகிறீர்கள் ஐயா?" என்று கேட்க, அவர் தலையை அசைக்கிறார். சட்டப்படி கையெழுத்து விழுந்துவிட்டது. ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து நீக்கப்பட்ட தம்பியோ மூத்த மகனோ இதை எதிர்த்தால், இந்தக் காட்சியைச் சாட்சிகள் விவரிக்கும் விதமே வழக்கின் போக்கைத் தீர்மானிக்கும். சந்தேகத்தைத் தூண்டும் சூழ்நிலையில் எழுதப்பட்ட சாசனத்தை முன்வைப்பவரே அந்தச் சந்தேகத்தை நீக்க வேண்டும் என்பது இலங்கை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் கோட்பாடு.

எனவே பிள்ளைகள் அறைக்கு வெளியே அமர வேண்டும். நொத்தாரிசு கேட்க வேண்டியவை, ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்விகள்: உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், யார் யார் எங்கே இருக்கிறார்கள், உங்கள் பெயரில் என்னென்ன இருக்கிறது, பழைய பத்திரத்தில் யாருடைய பெயரைப் போட்டிருந்தீர்கள், இப்போது ஏன் மாற்றுகிறீர்கள். முதியவர் தன் சொந்தச் சொற்களில், "தம்பி போன மாசியில மோசம் போயிட்டான், இவதான் என் மருந்துக் கணக்கெல்லாம் பாக்கிறா" என்று சொல்வாரேயானால், அந்தப் பதிலை நொத்தாரிசு தன் குறிப்பில் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். காது மந்தமானவராக இருந்தால் செவிக்கருவியை அணிவித்து அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். காலையில் தெளிவாகவும் மாலையில் குழப்பமாகவும் இருக்கும் முதியவர்கள் உண்டு என்பதால் நேரத்தையும் அதற்கேற்பக் குறிக்க வேண்டும்.

மறதி நோயின் ஆரம்ப நிலையில் இருப்பது சாசனம் எழுதும் தகைமையைத் தானாகவே இல்லாமற் செய்வதில்லை. தான் செய்வது என்ன, தன்னிடம் உள்ளது என்ன, தன்னிடம் உரிமை எதிர்பார்க்கக்கூடியவர்கள் யார் என்பதைக் கையெழுத்திடும் வேளையில் அவர் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஐயம் எழக்கூடிய நிலையில், அதே நாளில் அல்லது முந்திய நாளில் வைத்தியர் ஒருவர் அவரைப் பரிசோதித்து, எதைக் கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதித் தரும் சான்றிதழ் மிகவும் பயன்படும். "உடல்நலம் நன்று" என்ற ஒற்றை வரிச் சான்றிதழுக்குப் பெறுமதி குறைவு.

வசதி குறைந்தவர்கள் 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அண்மைய நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

கையெழுத்துக்குப் பின்

பின்னிணைப்பை எழுதியிருந்தால் அதன் மூலப் பிரதியையும் பழைய சாசனத்தின் மூலப் பிரதியையும் ஒரே உறையில் வைக்க வேண்டும். ஒன்று வங்கியிலும் மற்றது அலுமாரியிலும் இருந்தால், பழையது மட்டும் முதலில் கிடைத்து, நீக்கப்பட்டவரே நீதிமன்றம் சென்றுவிடக்கூடும். புதிய சாசனம் எழுதியிருந்தால் பழையதைக் கிழிப்பதா என்று பலர் கேட்கிறார்கள். கிழிப்பதானால் பெற்றோர் தம் கையாலேயே, அல்லது தம் கண்ணெதிரே தம் பணிப்பின் பேரில், இரத்துச் செய்யும் எண்ணத்தோடு செய்ய வேண்டும். பிள்ளைகள் பின்னால் எரிப்பது சட்டத்தின் முன் இரத்தும் ஆகாது, நல்ல பெயரும் தராது. புதிய சாசனம் ஒருவேளை தள்ளுபடியானால் பழையதைக் காட்ட வேண்டியிருக்கலாம் என்பதால், அதைச் சட்டத்தரணியிடம் ஒப்படைத்து வைப்பதே என் விருப்பம். மூலப் பிரதி பெற்றோரின் கையில் இருந்து, மரணத்துக்குப் பின் காணாமற் போயிருந்தால், அவரே அழித்துவிட்டார் என்ற வாதம் எழும் என்பதையும் மறக்கக் கூடாது.

புதிய நிறைவேற்றுநருக்குச் சாசனம் இருக்கும் இடமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்திருந்தால் போதும். உள்ளடக்கத்தைச் சொல்வதும் சொல்லாததும் பெற்றோரின் விருப்பம். நீக்கப்பட்டவர் உயிரோடு இருந்தால் பெற்றோரே அவரிடம் பேசிவிடுவது நல்லது. "அண்ணே, உங்களுக்கும் வயசாயிருச்சு, கோட்டுக்கு அலைய வேணாம்னுதான் புள்ளையப் போட்டேன்" என்று அப்பா சொல்லும் ஒரு வார்த்தை, பின்னர் பிள்ளைகள் சொல்லும் ஆயிரம் விளக்கங்களைவிட எடை கொண்டது.

நிறைவேற்றுநரை மாற்றியும் மாறாதவை

சில சொத்துகள் நிறைவேற்றுநரின் கைக்கே வருவதில்லை. வங்கிக் கணக்கிலும் நிலையான வைப்பிலும் பெயர் குறித்து நியமிக்கப்பட்டவருக்கு, சாசனத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலும் அப்பணம் போய்ச் சேரும் என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை கூறுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் சித்தப்பாவை நிறைவேற்றுநராகப் போட்ட அதே தந்தை, அதே காலத்தில் வங்கிப் படிவத்திலும் அவர் பெயரையே எழுதியிருக்கக்கூடும். எனவே நொத்தாரிசிடம் போகும் வாரத்திலேயே ஒவ்வொரு வங்கிக்கும் சென்று நியமனத்தைச் சரிபார்க்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதியை ஓய்வு பெற்றபோதே எடுத்துவிட்டவர்களுக்கு அது பிரச்சினையில்லை. எடுக்காதவர்கள் அங்குள்ள நியமனத்தையும் பார்க்க வேண்டும்.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம் பெற்ற காணிக்குத் தனியான பின்னுரிமை முறை உண்டு. மரண சாசனத்தால் அல்லாமல் தனிப் பத்திரத்தால் செய்த பின்னுரிமையாளர் நியமனம் உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டும் என்பதால் அதைப் பிரதேச செயலகத்தில் பார்க்க வேண்டும். தோட்ட நிருவாகத்துக்குச் சொந்தமான லயத்துக் காம்பராவை எந்தச் சாசனத்தாலும் எவருக்கும் கொடுக்க முடியாது. 7 பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட புதிய வீட்டின் உறுதி பெற்றோரின் பெயரில் உள்ளதா, அதில் நிபந்தனைகள் உள்ளனவா என்பதை உறுதியைப் படித்தே அறிய வேண்டும்.

காலம் கடந்துவிட்டால்

பெற்றோர் எதையும் விளங்கிக்கொள்ள முடியாத நிலையை அடைந்துவிட்டால் நிறைவேற்றுநரை எவராலும் மாற்ற முடியாது. அற்றோணித் தத்துவம் பெற்றவராலும் முடியாது. சித்த சுவாதீனம் இழந்தவரின் சொத்தைப் பராமரிக்க நீதிமன்றம் நியமிக்கும் முகாமையாளராலும் முடியாது. அந்நிலையில் முதியவரின் கையைப் பிடித்துக் கைரேகை வைப்பவர்கள் ஒரு பெயரை மாற்றப் போய் குற்ற வழக்குக்குள் விழுகிறார்கள்.

மரணத்துக்குப் பின் வழிகள் உண்டு. சாசனத்தை வைத்திருப்பவர் அல்லது கண்டெடுப்பவர், தான் வசிக்கும் அல்லது பெற்றோர் இறந்த மாவட்டத்தின் நீதிமன்றத்தில் அதை நியாயமான வரையில் விரைவாகக் கையளிக்க வேண்டும். குறிக்கப்பட்ட நிறைவேற்றுநர் இறந்திருந்தாலோ மறுத்தாலோ விண்ணப்பிக்கத் தவறினாலோ, சொத்தில் அக்கறை உள்ள எவரும் சாசனத்தை நிரூபித்து, அதை இணைத்த, சொத்தை நிருவகிக்க அதிகாரம் தரும் நிருவாகப் பத்திரத்தைத் தமக்கு வழங்கும்படி கேட்கலாம். பதவியேற்ற நிறைவேற்றுநர் சொத்தை வீணாக்கினால், கணக்குக் காட்டத் தவறினால், வழங்கப்பட்ட அதிகாரத்தைத் திரும்பப் பெறும்படி நீதிமன்றத்தைக் கோரலாம். அதற்கு வெறும் மனத்தாங்கல் போதாது, ஆவணச் சான்று வேண்டும். உயிரோடிருக்கும் பழைய நிறைவேற்றுநர் தானாக ஒதுங்கச் சம்மதித்தால் பெரும் செலவு மிச்சமாகும். அச்சம்மதத்தை, சட்டத்தரணி தயாரித்த சத்தியக்கடதாசியாக நீதிமன்றத்தில் கோப்பிட வேண்டும்.